அந்திக்காலத்திற்கு ஓர் இடம்

வாழ்வும் வரவுசெலவும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை ஈசனுக்குத் தாயுமானவர் என்னும் திருநாமம் வந்த வரலாற்றை அறியாத அன்பர்கள் இலர். இரத்தினாவதி என்னும் பெண் பேறுகாலத்தில் துணையின்றி இருக்கிறாள். பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அவளுடைய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். ஈசனே அத்தாயின் உருவில் வந்து பேறு பார்க்கிறான். மருந்து அரைத்துக் கொடுக்கிறான். பணிவிடைகள் அத்தனையும் செய்கிறான். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்த பிறகுதான் வந்திருந்தவர் யாரென்பது விளங்குகிறது.

சிறு வயது முதல் இந்த வரலாற்றைக் கேட்டு வருகிறேன். ஆயினும் அக்கரையில் நின்ற அந்தத் தாயைப் பற்றி நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. மகள்மீது அன்பில்லாமல் அவள் வராதிருக்கவில்லை. வர இயலவில்லை, அவ்வளவுதான். கடந்த ஈராண்டுகளில் அந்த அக்கரையில் நானும் நின்றேன்.

இப்பகுதியை வழக்கமாகப் படிக்கும் மூதாட்டி ஒருவர் சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தார். நடமாட்டம் நின்றுபோனால் எங்கே இருப்பது, அதற்கு எவ்வளவு செலவாகும், பிள்ளைகளிடம் இதை எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தார். அவருக்கு மறுமொழியாக, எங்கள் வீட்டில் நடந்ததையே எழுதுகிறேன். நான் செய்த பிழைகளையும் மறைக்கவில்லை. அவை பிறருக்குப் பயன்படக்கூடும்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தாயாருக்கு இப்போது 88 வயது. ஈராண்டுகளுக்கு முன், மார்கழி மாத வைகறையில், வாசலில் மருமகள் இட்ட கோலத்தைப் பார்க்க வந்தவர் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது; செலவின் பெரும்பகுதியும் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் பிறகு அம்மா தாமாக எழுந்து நடக்கவில்லை.

எனக்கு அப்போது 66 வயது. என் மனைவிக்கு 63; முதுகுத்தண்டில் தட்டு விலகல் உண்டு. மகன் புனேயில் இருக்கிறான். தம்பி சென்னையில், தங்கை மதுரையில். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்தின் வழியாகப் பெண் ஒருவரை அமர்த்தினோம். மாதம் 27,000 ரூபாயும் உணவும். முதலில் வந்தவர் பொறுப்பானவர். மகளின் பிரசவத்திற்காகச் சென்றுவிட்டார். இரண்டாமவர் இரவில் எழுப்பினாலும் எழமாட்டார். மூன்றாமவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவேயில்லை.

அந்த வாரத்தில் ஓர் இரவு, அம்மாவைக் கழிவறை நாற்காலிக்கு மாற்ற நானும் மனைவியும் சேர்ந்து தூக்கினோம். மனைவி நிலைதடுமாறிச் சுவரில் சாய்ந்தார். அதன்பின் பத்து நாள் அவரும் படுக்கையில். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "இனி இவங்க ஒரு குடம்கூடத் தூக்கக்கூடாது" என்றார். அடுத்த அறையிலிருந்து அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "என்னால உங்க ரெண்டு பேருக்கும் கஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

அவசரத்தில் ஓர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்தேன். தொலைபேசியில் விசாரித்தேன், படங்களைப் பார்த்தேன், ஒரே ஒரு முறை, அவர்கள் சொன்ன நேரத்தில், காலை 11 மணிக்கு நேரில் சென்றேன். எல்லாம் பளிச்சென்று இருந்தது. வைப்புத்தொகையாக ஒரு லட்சம் ரூபாய் செலுத்தினேன். அம்மாவிடம், "கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடத்துல இருக்கணும்மா" என்று சொல்லி அழைத்துச் சென்றேன். அவரைக் கேட்டு நான் எதையும் முடிவு செய்யவில்லை. இருபத்திரண்டாம் நாள், முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்ணைக் கண்டேன். இரவில் அங்கே பதினான்கு முதியவர்களுக்கு ஒரே ஒரு பணிப்பெண் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினான்கு பேரை ஒருவர் எப்படித் திருப்பிப் படுக்கவைக்க முடியும்?

அன்றே அம்மாவை வீட்டிற்கு அழைத்து வந்தேன். வைப்புத்தொகையில் 60,000 ரூபாய் மட்டும் மூன்று மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. மீதம் ஏன் பிடிக்கப்பட்டது என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் அமர்ந்து, படிக்காமல் கையெழுத்திடாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். என் தாய்க்காகக் கையெழுத்திட்டபோது படிக்கவில்லை.

புண் ஆறிவரும் வரை, செவிலியர் ஒருவர் நாள்தோறும் வீட்டிற்கு வந்து கட்டுப் போட்டுச் சென்றார். ஒரு பிரதோஷத்தன்று மாலை அம்மாவின் அருகில் அமர்ந்து, முதன்முறையாக உண்மையைச் சொன்னேன். "அம்மா, எங்க ரெண்டு பேராலயும் முடியல. வேற நல்ல இடமாப் பார்க்கணும். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூன்று சொன்னார். "காலையில விபூதி பூசிவிட ஆள் இருக்கணும். ராத்திரி கூப்பிட்டா யாராவது வரணும். நீ வாரத்துல ரெண்டு நாள் வரணும்."

நான் கையில் வைத்திருந்த நாற்பது கேள்விகள் கொண்ட பட்டியலைவிட இந்த மூன்றும் பெரியவை. இவற்றை வைத்துத்தான் இரண்டாவது இல்லத்தைத் தேடினேன்.

எல்லா இல்லங்களும் ஒன்றல்ல

முதியோர் இல்லம் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிட்டாலும் அவற்றில் வேறுபாடு உண்டு. அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லங்கள், ஆதரவற்றோருக்கானவை. கட்டணம் செலுத்தித் தங்கும் சாதாரண முதியோர் இல்லங்கள், தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக் கூடியவர்களுக்கானவை. கோயம்புத்தூரிலும் சென்னையைச் சுற்றிலும் பெருகியுள்ள ஓய்வுக்காலக் குடியிருப்புகளில் வீட்டை விலைக்கோ குத்தகைக்கோ எடுத்து, பொதுச் சமையலறையில் உணவு பெறலாம். நடமாட்டம் இழந்தவர்களுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும் இரவும் பகலும் செவிலியர் துணையோடு நடத்தப்படுபவை பராமரிப்பு இல்லங்கள்.

நல்ல உடல்நிலையில் முதல் மூன்றில் ஒன்றில் சேரும் அன்பர்கள், ஒரு கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்: "நான் படுத்த படுக்கையானால் என்னை இங்கேயே வைத்துக்கொள்வீர்களா?" பல இடங்களில், அந்நிலை வந்தால் குடும்பத்தார் அழைத்துச் செல்ல வேண்டும் என்று விதி இருக்கும். பத்தாண்டு காலம் பழகிய இடத்தை விட்டு, மிகவும் தளர்ந்த நேரத்தில் வெளியேறுவது போன்ற துயரம் வேறில்லை.

இல்லத்தை விட்டே போக வேண்டிய தேவை இல்லாதவர்களும் பலர் உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும், நோய் முற்றியவர்களுக்கான வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டில் கிடைக்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567. தகவலுக்கும் முறையீட்டுக்கும் இதில் கட்டணமின்றிப் பேசலாம்.

நேரில் சென்று காண வேண்டியவை

இரண்டாவது முறை ஐந்து இல்லங்களைப் பார்த்தேன். முதல் வருகையை அவர்கள் சொன்ன நேரத்திலும், அடுத்ததை முன்னறிவிப்பின்றி மாலை 7 மணிக்கும் அமைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் பகல் பணியாளர் வீடு திரும்பி, இரவுப் பணியாளர் வருவர். எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று வாசலில் நின்றே எண்ணிவிடலாம்.

உள்ளே சென்றதும் சுவரில் உள்ள வண்ணத்தைப் பார்க்க வேண்டாம். மூத்திர நாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். படுக்கையில் இருப்பவரின் கைக்கு எட்டும் தொலைவில் தண்ணீர் இருக்கிறதா? அழைப்பு மணி எங்கே? அதை நீங்களே ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். முதியவர்களின் நகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவா? கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? தரை வழுக்குகிறதா? பணியாளர்கள் முதியவர்களை எப்படி அழைக்கிறார்கள்? "பாட்டி", "அம்மா" என்கிறார்களா, அல்லது படுக்கை எண்ணைச் சொல்கிறார்களா?

பின்பு பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியவை. செவிலியர் என்று சொல்லப்படுபவர், உரிய படிப்பை முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவரா? இரவில் ஒருவருக்கு எத்தனை முதியவர்? படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைத்து, அதைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்களா? அந்தக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். என் முதல் பிழை இதைக் கேட்காததுதான். மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? நள்ளிரவில் மூச்சுத் திணறினால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில், யார் உடன் செல்வார்? இல்லத்தின் பதிவுச் சான்றிதழ் நடப்பில் உள்ளதா?

நம் அன்பர்களுக்கு இன்னும் சில தேவைகள் உண்டு. சமையல் முற்றிலும் சைவமா? ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை விரதங்களுக்கு ஏற்ப உணவை மாற்றித் தருவார்களா? சுவாமி படத்துக்கு இடம் உண்டா? பிராணவாயு உருளை இருக்கும் அறைகளில் விளக்கேற்ற அனுமதிக்கமாட்டார்கள், அது நியாயமே. மணி சிறிய அளவில் ஒலிக்கலாமா, பாராயணம் ஒலிப்பெட்டியில் கேட்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உயிர் பிரிந்தால் மருத்துவச் சான்று யார் தருவார், உடலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், வாயில் கங்கை நீர் விடவும் திருமுறை ஓதவும் இடம் தருவார்களா என்பதையும் கேட்கத் தயங்காதீர்கள். நல்ல இல்லத்தார் இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை.

எல்லாம் மனநிறைவாக இருந்தாலும், முதலில் ஒரு மாதம் மட்டும் தங்கிப் பார்ப்பதாகச் சேருங்கள். அதற்கு இசையாத இடத்தில் முழு வைப்புத்தொகையைச் செலுத்த வேண்டாம்.

கையெழுத்திடும் முன்

ஒப்பந்தத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று படிக்கக் கேளுங்கள். வைப்புத்தொகையில் எவ்வளவு திரும்பி வரும், எத்தனை நாளில் வரும், முதியவர் காலமானால் யாரிடம் தரப்படும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு உயரும், விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் கட்டணம் உண்டா என்பவையும் அவ்வாறே. எல்லாத் தொகைக்கும் ரசீது பெறுங்கள். கூடியவரை காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வழியே செலுத்துங்கள்.

சரக்கு மற்றும் சேவை வரி சேர்த்த தொகையா என்றும் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற அறநிறுவனம் நடத்தும் இல்லத்தில், 60 வயது நிரம்பியவருக்கு, இடமும் உணவும் பராமரிப்பும் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரையுள்ள கட்டணத்துக்கு அவ்வரியிலிருந்து விலக்கு உண்டு.

நகைகளை இல்லத்தில் வைக்க வேண்டாம். ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும், தொகை நிரப்பாமல் கையெழுத்திட்ட காசோலையையும் யாரிடமும் தர வேண்டாம். இல்லத்தார் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் பணியாட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

மாதக் கணக்கு

அம்மா இப்போது இருக்கும் இல்லத்தில் மாதக் கட்டணம் 32,000 ரூபாய். அதோடு முடிந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் மாதத்தில் டயபருக்கு 3,300, மருந்துக்கு 2,800, இயன்முறைச் சிகிச்சை பன்னிரண்டு நாளுக்கு 4,800, துணி வெளுக்கவும் பிறவற்றுக்கும் 700. ஆக மொத்தம் 43,600 ரூபாய். எந்த இல்லத்திலும், சொல்லப்படும் கட்டணத்தோடு இத்தகைய உதிரிச் செலவுகளைச் சேர்த்தே கணக்கிடுங்கள்.

வரவு என்ன? என் தந்தையார் அரசு உயர்நிலைப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. இதில் ஒரு செய்தி. 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடும், 85 இல் 30, 90 இல் 40, 95 இல் 50, 100 இல் முழு அளவும் கூடுதலாகக் கிடைக்கும். மனைவியின் பிறந்த தேதி ஆவணத்தில் பதிவாகாததால், குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்கள் பலருக்கு இக்கூடுதல் தொகை வராமலே போகிறது. என் தாயாருக்கும் அப்படித்தான் ஆறு ஆண்டுகள் வரவில்லை. வயதுச் சான்றுடன் கருவூலத்தில் மனு கொடுத்தபின் நிலுவையோடு கிடைத்தது. உங்கள் வீட்டிலும் இன்றே பாருங்கள்.

கூடுதல் தொகை சேர்ந்து ஓய்வூதியம் இப்போது மாதம் 19,000 ரூபாய். அம்மாவின் பங்காக வந்த நிலத்தை விற்ற தொகையில் 15 லட்சம் ரூபாயை, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பெயரில் வைத்திருக்கிறோம். இதை எழுதும் நாளில் வட்டி 8.2 விழுக்காடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 30,750 ரூபாய் வருகிறது. மாதத்துக்கு 10,250 ஆகிறது. இத்திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம். காலம் ஐந்து ஆண்டு, பிறகு நீட்டிக்கலாம். ஆக அம்மாவின் சொந்த வரவு 29,250 ரூபாய். பற்றாக்குறை 14,350.

இந்த 14,350 ரூபாயில்தான் எங்கள் உடன்பிறப்பு உறவே சற்று ஆட்டம் கண்டது. தம்பி, "அண்ணன்கிட்டதானே அம்மா இருந்தாங்க" என்றான். தங்கை, தான் பெண் என்பதால் தன்னைக் கேட்கக்கூடாது என்று அவள் கணவர் கருதுவதாகச் சொன்னாள். எனக்கும் கோபம் வந்தது. பிறகு வங்கிக்காரனாக யோசித்தேன். மருத்துவச் சீட்டு, இல்லத்தின் ரசீது, அம்மாவின் வரவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி இருவருக்கும் அனுப்பினேன். யார்மீதும் ஒரு சொல் குறையாக எழுதவில்லை. மூன்றாம் நாள் தங்கையே அழைத்தாள். இப்போது மூவரும் ஆளுக்கு 6,000 ரூபாய் போடுகிறோம். மீதமாகும் 3,650 ரூபாய், திடீர் மருத்துவச் செலவுக்காகச் சேர்கிறது. மாதந்தோறும் கணக்கை அனுப்பிவிடுகிறேன். பணத்தைவிட, கணக்குத் தெரியாமல் இருப்பதுதான் குடும்பங்களைப் பிரிக்கிறது என்பது என் அனுபவம்.

கட்டணம் உயர்வதையும் மறக்கலாகாது. ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்ந்தால், இன்றைய 32,000 ரூபாய் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 47,000 ஆகிவிடும். எனவே கையிலுள்ள முதலை முழுவதும் வைப்புத்தொகையாகக் கொடுத்துவிடாதீர்கள்.

மருத்துவக் காப்பீடு இதற்கு உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தால் உதவும். குளிப்பாட்டவும் ஊட்டவும் பார்த்துக்கொள்ளவும் இல்லத்தில் தங்குவதற்கு அது பொதுவாக ஈடு தருவதில்லை. 70 வயது நிரம்பியவர்களுக்காக மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானதே.

நினைவு தெளிவாக இருக்கும்போதே

வங்கியில் நான் கண்ட துயரங்களில் பெரியது இது. மறதி நோயால் தந்தை மகனையே அறியாத நிலையில் இருப்பார். கணக்கில் பணம் இருக்கும். மருத்துவத்துக்கு எடுக்க வழி இருக்காது. "அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கார் சார்" என்று மகன் பத்திரத்தை நீட்டுவார். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அந்த அதிகாரப் பத்திரம் சட்டப்படி செல்லாது. பிறகு பாதுகாவலரை நியமிக்கக் கோரி நீதிமன்றத்தை நாட வேண்டும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

ஆகவே நினைவு தெளிவாக இருக்கும்போதே, நம்பிக்கைக்குரிய ஒருவரோடு "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்னும் முறையில் ஒரு கூட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். ஓய்வூதியக் கணக்கிலிருந்து மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை அதற்கு மாறும்படி நிலையான உத்தரவு கொடுங்கள். எல்லா வைப்புகளுக்கும் நியமனதாரரைப் பதிவு செய்யுங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நால்வர் வரை நியமிக்கலாம்.

மனம் தெளிவாக இருந்து கை மட்டும் நடுங்குகிறதென்றால் அஞ்ச வேண்டியதில்லை. இரு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைக்கலாம். சாட்சிகளில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருப்பார். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டிற்கே வந்து சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. கேட்டுப் பெறுங்கள், அது சலுகையன்று.

வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

"பிள்ளைதான் பார்த்துக்கொள்ளப் போகிறான், வீட்டை எழுதிக் கொடுத்துவிடலாம்" என்று எண்ணும் பெற்றோர் பலர். எழுதுவதானால், கடைசிவரை உணவும் இருப்பிடமும் மருத்துவமும் தந்து காக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 இன் 23 ஆம் பிரிவின்படி, அந்நிபந்தனை மீறப்பட்டால் அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரலாம். அதே சட்டத்தின்கீழ், பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதத் தொகை பெற வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் தாமே மனுச் செய்யலாம். இதைவிட நல்லது, வாழும் காலம் வரை சொத்தைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டு உயில் எழுதுவது.

வீட்டை ஈடாக வைத்து வங்கியிடம் மாதந்தோறும் தொகை பெறும் தலைகீழ் அடமானக் கடனும் 2007 முதல் பேசப்பட்டு வருகிறது. 60 வயதைக் கடந்து, சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அது ஏற்றது. கடன் பெற்றவர்கள் அவ்வீட்டை விட்டு நிலையாக வேறிடம் சென்றுவிட்டால் கடனைத் தீர்க்க வேண்டிய நிலை வரும். ஆகவே பராமரிப்பு இல்லத்துக்குச் செல்லப்போகிறவர்கள் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

மலைக்கோட்டை தெரியும் தாழ்வாரம்

இரண்டாவது இல்லம் திருச்சியின் புறநகரில் இருக்கிறது. முதல் இல்லத்தைப் போலப் பளபளப்பானதன்று. பன்னிரண்டு பேருக்கு இரவில் மூவர். சேர்க்கும் முன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்று காட்டினேன். அழைப்பு மணியை அவரையே அழுத்தச் சொன்னேன். வந்த பெண்ணிடம் அம்மா, "விபூதி பூசிவிடுவியா?" என்று கேட்டார். அவள் வேறு சமயத்தைச் சேர்ந்தவள். "நீங்க எப்படிப் பூசணும்னு சொல்லுங்க பாட்டி, பூசிவிடறேன்" என்றாள். அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் இரண்டு மாதமும் எளிதாக இல்லை. "எப்ப வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்பார். பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "இங்கதாம்மா இருக்கணும். நான் வியாழக்கிழமை வரேன்" என்பேன். திங்களும் வியாழனும் தவறாமல் செல்கிறேன். மாலை உணவை நானே ஊட்டிவிடுகிறேன். வீட்டில் இருந்த காலத்தில், தூக்குவதிலும் துடைப்பதிலும் களைத்துப்போய், அருகில் உட்கார்ந்து பேசிய நாட்கள் குறைவு. இப்போது பேசுகிறோம். தந்தையாரைப் பற்றி நான் அறியாத செய்திகளையெல்லாம் சொல்கிறார்.

குற்ற உணர்வு முழுவதும் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. வீட்டில் அவர் கட்டில் இருந்த இடம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது. என் மனைவி அங்கே வேறு பொருள் எதையும் வைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு காலையும் மூன்று விரலால் அம்மாவின் நெற்றியில் நீறு இடுவதைப் பார்க்கும்போது, இரத்தினாவதியின் வீட்டிற்கு வந்தவர் யாரென்று எனக்குத் தெரிகிறது. தாழ்வாரத்திலிருந்து பார்த்தால், மாலையில் மலைக்கோட்டை விளக்கொளி தொலைவில் தெரியும். அம்மா அங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறார்.

இதைப் படிக்கும் மூத்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பிள்ளைகள் வந்து கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். கேட்கத் தெரியாமல் தயங்குகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். வரும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, என் தாயார் சொன்னது போல உங்களுக்கு இன்றியமையாத மூன்றை எழுதுங்கள். அதன் கீழே ஓய்வூதிய எண், வங்கிக் கணக்குகள், காப்பீடு, உண்ணும் மருந்துகள் ஆகியவற்றைக் குறித்து, பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இல்லாதவர்கள், நம்பிக்கைக்குரிய உறவினரிடமோ நண்பரிடமோ கொடுங்கள்.

அடுத்த வாரம், உயில் எழுதுவதைப் பற்றிக் காண்போம்.